சிவப்புக் கம்பி

பிற்பகல் மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமை. குடோன்கள் மட்டுமே இருக்கிற நீளமான சாலை... எல்லா ஷட்டரும் இறங்கிக் கிடக்கின்றன. ஒரு நாய்கூட இல்லை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். அங்கே சிரிக்கிறவன் தனியாகத்தான் வீட்டுக்குப் போகப்போகிறான், சொல்லிவிட்டேன்.

இது என் நண்பனுடைய மாமாவுக்கு நடந்தது. கம்ப்யூட்டர் மெக்கானிக். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

அந்தச் சாலையில் ஒரு குடோனின் ஸ்டோர்கீப்பர் போன் செய்திருந்தார். கதவைத் திறந்தவரும் அவர்தான். ஒன்பது நாள் தாடி. சட்டைப் பொத்தான்களை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தார். ஒன்பது நாளைக்கு முன், கொட்டுகிற மழையில், பள்ளிக்கூடம் விட்டு அப்பாவைத் தேடி இங்கே கிளம்பிய அவருடைய எட்டு வயது மகள்... வந்து சேரவே இல்லை.

“கேமராப் பதிவுல பாப்பா இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க சார். ஆனா இந்த ஸ்கிரீன்ல சிவப்பே வரல. அவ போட்டிருந்தது சிவப்பு ரெயின்கோட். அதான் தெரியலையோ என்னவோ... எப்படியாவது சிவப்பை வரவெச்சுக் குடுங்க.”

மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பழைய கம்ப்யூட்டர். கிராபிக்ஸ் கார்டிலிருந்து மானிட்டருக்கு நீலத் தலை வைத்த வி.ஜி.ஏ. கேபிள் போகும், பார்த்திருப்பீர்கள். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம், மூன்றுக்கும் தனித்தனிக் கம்பி. சிவப்புக் கம்பி அறுந்தால் சிவப்பான பொருள் கறுப்பாகத் தெரியும். மறைந்து போகாது. பாப்பா வந்திருந்தால் கறுப்புக் கோட்டோடு தெரிந்தே ஆக வேண்டும். இதை எந்த வாயால் அந்த அப்பாவிடம் சொல்வது? கேபிளைக் கையில் எடுத்தார்.

கேபிள் தலைக்குப் பக்கத்தில் கம்பி விட்டுப்போயிருந்தது. மாற்றுக் கேபிள் கொண்டுவரவில்லை. கட்டைவிரலால் அந்த இடத்தை வளைத்து அழுத்தினார். டக்... படத்தில் கறுப்பாக இருந்த தீயணைப்பு சிலிண்டர் சிவந்தது.

பதிவு ஓடியது. மூலையில் ஒன்பது நாளுக்கு முந்தைய தேதி. காலியான காரிடார். நடுவில்... பாப்பா.

சிவப்பு ரெயின்கோட். தோளில் பை. கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா பதறி விரலை எடுத்தார். காலிக் காரிடார். கறுப்பாகக்கூட எதுவும் இல்லை. முகம், கால், பை... எதுவுமே. மறுபடி அழுத்தினார். நின்றாள்.

“கையை மட்டும் எடுத்துடாதீங்க சார்... உங்க கால்ல விழறேன்!”

ஸ்டோர்கீப்பர் ஸ்கிரீனில் கன்னத்தை வைத்து அழுதார். அறை முழுக்க நனைந்த ரப்பர் வாசனை. ஒன்பது நாளாக மழையே இல்லை.

பாப்பா திரும்பினாள். காரிடார் கோடியில் இருந்த பம்ப் அறைக்குள் போனாள்.

“அங்கதான் இருக்கா!” ஸ்டோர்கீப்பர் ஓடினார். செருப்புச் சத்தம்... படபட... படபட... பாதியில் நின்றுவிட்டது.

மாமா கத்திக் கூப்பிட்டார். எழுந்து போகவும் முடியவில்லை. விரலை எடுத்தால் பாப்பா போய்விடுவாளே.

ஸ்கிரீனில் பம்ப் அறைக் கதவு திறந்தது. பாப்பா வெளியே வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு... அப்பா. அதே தாடி. பொத்தான் மாறிய அதே சட்டை. மூலையில் ஒன்பது நாளுக்கு முந்தைய அதே தேதி.

கேமராவை நிமிர்ந்து பார்த்தார். வாய் அசைந்தது. பதிவில் சத்தம் கிடையாது. கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

மகள் கிடைத்துவிட்டாள், போதும், விட்டுவிடுங்கள் என்கிறார்... மாமாவுக்கு அப்படித்தான் பட்டது. விரலும் மரத்துப் போயிருந்தது. எடுத்துவிட்டார்.

காலிக் காரிடார். எத்தனை அழுத்தியும் சிவப்பு திரும்ப வரவில்லை. அப்புறம் புதுக் கேபிள் வாங்கிவந்து போட்டுப் பார்த்தபோது சிலிண்டர் மட்டும் சிவந்தது. பம்ப் அறைப் பூட்டு துருப்பிடித்து, பூட்டியபடியே இருந்தது. உடைத்துப் பார்த்தார்கள், பம்ப்தான் இருந்தது. காரிடார் நடுவில் ஸ்டோர்கீப்பருடைய செருப்பு மட்டும் கிடந்தது.

இன்றைக்கும் தூக்கத்தில் மாமாவின் கட்டைவிரல் தலையணையை அழுத்திக்கொண்டே இருக்குமாம். ஒரு நாள் அத்தை அதை மெதுவாக விலக்கியிருக்கிறார். மாமாவின் வாய் திறந்திருக்கிறது. குரல் மட்டும் மாமாவுடையது இல்லை.

“எடுத்துடாதீங்கன்னுதானே சார் கையை ஆட்டினேன்...”