விதைக்கு விட்ட வாளி

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதற்கு ஒரு கால் ஆடும். இந்த முக்காலியில் உட்காருங்கள். இங்கிருந்து பார்த்தால்தான் தொட்டி முழுசாகத் தெரியும். அல்லி இலைக்கு அடியில் சிவப்பாக ஒருவர் வளைய வருகிறாரே, அவர்தான் மாப்பிள்ளை. வாளியை அப்படி நிழலில் வைத்துவிடுங்கள். அதைப் பற்றிச் சொல்லத்தான் உங்களை மாடிக்குக் கூட்டி வந்தேன். ஆனால் மாப்பிள்ளையைத் தெரியாமல் வாளியைப் பற்றிக் கேட்டால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

கீழே அக்காவும் அத்தானும். மேலே எனக்கு ஒரு அறை, இந்த மொட்டை மாடி. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்காருகிறேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருப்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பைக் கழற்றி வைக்க ஓர் இடம் இல்லாமல் இருந்தது. அதற்கு வழி செய்தவர் அத்தான். பக்கத்துத் தெருவில் யாரோ குளியலறையை இடித்துக் கட்டினார்கள். தூக்கிப் போட்ட ஃபைபர் குளியல் தொட்டியை அத்தான் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆமை மாதிரி படியேறி வந்தார். பின்னாலேயே அக்கா.

"இந்த வயசுல உங்களுக்கு இதெல்லாம் தேவையா?"

தொட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது. "உள்ள நல்லா எதிரொலிக்குது. இன்னொரு தடவை திட்டு."

நான் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் இதெல்லாம் ஆரம்பம். அடியில் மணல் போட்டோம். அல்லிக் கிழங்கை நட்டோம். மேலே ஆகாயத்தாமரை மிதக்க விட்டோம். தண்ணீர் தெளிந்து தானாக உயிர் பிடிக்கும்வரை காத்திருந்தோம். கப்பி மீன்கள் ஒரு கை வந்தன. பிறகு வெட்டிய டிரம், உடைந்த சலவை இயந்திரத்தின் தொட்டி, அக்கா தேடிக்கொண்டிருந்த பெரிய பாத்திரம் என்று மாடி நிறைந்துபோனது. தண்ணீர் வாடை வந்ததும் தட்டான் பூச்சிகள் வந்தன. காலையில் பல் தேய்த்துக்கொண்டே தொட்டி தொட்டியாகப் போய்க் குனிந்து பார்ப்பேன். நுரை வாயோடு சிரிப்பேன். அப்படி ஒரு சந்தோஷம் உங்கள் வேலையில் உண்டா என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை கடைசியாக வந்தவர். ஃபைட்டர் மீன். வாலைப் பாருங்கள், பட்டுத் துணியை உதறிப் போட்டது போல. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அப்படி ஒரு முறுக்கு. கடையில் விற்கிற உருண்டைத் தீனியை வாயில் வாங்குவார், கொஞ்சம் யோசிப்பார், துப்பிவிடுவார். நாளுக்கு நாள் மெலிந்தார். ஒருநாள் மாடியில் மறந்துவிட்ட துடைப்பு வாளியில் கொசுப்புழு நெளிந்தது. ஒன்றை எடுத்துப் போட்டேன். தண்ணீருக்கு மேலே எம்பி வந்து கவ்வினார் சார். அத்தானும் நானும் கையைக் கோத்துக்கொண்டு இந்தத் தொட்டியைச் சுற்றி ஒரு சுற்று ஆடினோம். கீழேயிருந்து அக்கா கூரை இடிகிறது என்று சத்தம் போட்டாள்.

மீன் கடைக்காரர் சொன்னார், "தினமும் புழு குடுங்க மேடம். வயிறு நிறைஞ்சாத்தான் கூடு கட்டும்." இலைக்கு அடியில் நுரையால் கூடு கட்டி, முட்டைகளை அதில் ஒட்டி, கீழே விழுகிற குஞ்சை வாயால் கவ்வி மறுபடி கூட்டில் வைக்கிற அப்பா அது. அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

மாடியில் வெயில் அதிகம். வாளிக்கு நிழல் வேண்டும், இருட்டான நிறம் வேண்டும், கொஞ்சம் சருகு வேண்டும். அக்காவின் சமையலறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கு தோதாக இருந்தது. அத்தான் பருமன், அதற்குள் நுழைய மாட்டார். அக்காவுக்குப் புழு என்றாலே குமட்டும். அதனால் புழுவைக் கடையில் வாங்குவதாகச் சொல்லி வைத்தேன். காலி பெயிண்ட் வாளிகளை அங்கே அடுக்கினேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் டீ வடிகட்டியோடு போய் வடித்துக்கொண்டு வந்துவிடுவேன். ஒன்றுக்கும் இறகு முளைக்க விடவில்லை. அந்த விஷயத்தில் நான் மிகவும் கறார்.

அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. எல்லாவற்றையும் வடித்துவிட்டால் முட்டை போட யார் இருப்பார்கள்? வரவர வாளியில் புழு குறைந்தது. மாப்பிள்ளை மறுபடி வாடினார். தோட்டம் போடுகிறவர்கள் கொடியில் ஒரு காயை விதைக்கு முற்ற விடுவார்கள் இல்லையா? நானும் ஒரு வாளியை விதைக்கு விட்டேன். இதோ, இந்த வாளிதான். இதை மட்டும் வடிக்கவில்லை.

முட்டை போட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் கொசுவுக்கு இரத்தம் வேண்டும். நான் செய்த ஏற்பாடு இல்லை அது, இயற்கை அப்படி. அத்தானுக்கு வீட்டில் சட்டை போடும் பழக்கம் கிடையாது. பிற்பகலில் சமையலறைப் பின்வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிப்பார். இதைத் திட்டம் என்று எழுதாதீர்கள். அமைந்துபோனது.

அக்கா கொசுவர்த்தி ஏற்றினாள். நான் போய் அத்தானிடம் சொன்னேன், புகை மாடிக்கு வருகிறது, ஃபைட்டர் மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கிற சாதி, அதற்கு ஆகாது என்று. பொய் இல்லை சார், புகை ஆகாதுதான். அத்தான் எழுந்து போய் வர்த்தியைத் தானே அணைத்தார்.

"பாவம், அதுங்க மூச்சு விட மேல வருது. நீ புகையைப் போட்டு வைக்கிற. நமக்குக் கை இருக்கு, அடிச்சுக்கலாம்."

அதன் பிறகு மாலையில் நான் இங்கே குனிந்து நிற்கும்போது கீழேயிருந்து பட், பட் என்று கேட்கும். தோளில், முதுகில், தொடையில். மாப்பிள்ளை ஒவ்வொரு புழுவாக எம்பிக் கவ்வுவார். யாரோ கைதட்டுவது போலவே இருக்கும். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும் சார். மருத்துவமனையில் உங்கள் சுகாதாரத் துறை அச்சடித்த சுவரொட்டிக்குக் கீழேதான் தினமும் உட்காருகிறேன். காலில் வெள்ளை வரி போட்ட கொசு, அதற்குப் பக்கத்தில் டெங்கு என்று பெரிய எழுத்து. வாளியிலிருந்து முதல் கொசு எழும்பி இடுக்குச் சுவரில் உட்கார்ந்தபோது குனிந்து அதன் காலைப் பார்த்தேன். வரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது.

தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் காய்ச்சல் என்றதும் நீங்கள் வந்தீர்கள். நேராக மாடிக்கு ஏறி வந்து, தொட்டிகளில் டார்ச் அடித்துப் பார்த்து, "மீன் விட்டிருக்கீங்க, ஒரு புழு இல்லை. உங்க வீடுதான் மேடம் இந்தத் தெருவுக்கே மாடல்" என்று வாசலில் ஒரு பச்சைத் தாளை ஒட்டினீர்கள். இடுக்குப் பக்கம் போகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தான் அந்தத் தாளைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "எங்க வீட்டுப் பொண்ணு பண்ணது" என்றார். நான் அவர் மனைவியின் தங்கைதான். ஆனாலும் அப்படித்தான் சொல்வார்.

அதே வாரம்தான் மாப்பிள்ளை கூடு கட்ட ஆரம்பித்தார். இலைக்கு அடியில் சின்னச் சின்னக் குமிழியாக, சோப்பு நுரை மாதிரி. நான் ஒரு காலில் மட்டும் செருப்போடு படியில் இறங்கி ஓடினேன். அத்தான் போர்வைக்குள் கிடந்தார். அக்கா நெற்றியில் ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் காதில் சொன்னதும் கண்ணைத் திறந்து சிரித்தார். உடம்பு அனலாகக் கொதித்தது.

"அதுக்குச் சாப்பாடு போட்டியா?"

"இனிமேதான் அத்தான்."

"போ, முதல்ல அதைக் கவனி."

அவர் சொல்லித்தான் போனேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டெங்குதான் என்று அக்கா அங்கிருந்து அழுதுகொண்டே போன் செய்தாள். நான் இறங்கி இடுக்குக்குப் போனேன். வாளியைக் கையில் எடுத்துவிட்டேன். கவிழ்த்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் உள்ளே பார்த்தால் புழு கொழித்துக் கிடந்தது. மேலே கடைக்காரர் தந்த பெண் மீனையும் விட்டாயிற்று, கூட்டில் முட்டை விழுகிற நேரம். இப்போது நிறுத்தினால் மாப்பிள்ளை பசியில் தன் முட்டைகளையே தின்றுவிடுவார். கொஞ்சம் வடித்துக்கொண்டேன். மீதியை விதைக்கு விட்டேன். தண்ணீர் வற்றியிருந்தது, ஒரு செம்பு ஊற்றிவிட்டு வந்தேன்.

அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று முட்டைகள் பொரிந்திருந்தன. வாசல் முழுக்கச் செருப்பு, உள்ளே அழுகை. நானும் அழுதேன் சார், மனசார அழுதேன். நடுவில் ஒருமுறை மேலே வந்து பார்த்தேன். கண்ணிமை முடி அளவுக்குக் குஞ்சுகள், நுரையில் வால் கீழாகத் தொங்கின. ஒன்று நழுவி விழுந்தது. மாப்பிள்ளை பாய்ந்துபோய் வாயில் வாங்கி மறுபடி கூட்டில் வைத்தார். அழுத கண்ணோடே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இதைச் சொல்ல அத்தான் இல்லையே என்றுதான் மறுபடி அழுதேன்.

இன்று நீங்கள் இடுக்குக்குள் நுழைந்து இந்த வாளியைச் சாய்க்கப் போனீர்கள். நான் படியிலிருந்து, அது என்னுடையது, கவிழ்க்காதீர்கள் என்று கத்தினேன். கத்தாமல் இருந்திருந்தால் நீங்கள் யாரையும் கேட்டிருக்க மாட்டீர்கள். அதுவே நான் எதையும் மறைக்கிறவள் இல்லை என்பதற்கு அத்தாட்சி.

அக்கா மாடிக் கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று தெரிகிறது. இப்போது ஒன்றைத்தான் கேட்கிறாள். "வர்த்தி ஏத்தாதன்னு அதுக்காகவாடி சொன்ன?"

அவள் இப்போது இருக்கிற நிலையில் எதைச் சொன்னாலும் ஏறாது. நீங்கள் நிதானமானவர், உங்களிடம் சொல்கிறேன். என்னை எங்கே கூட்டிப் போனாலும் வருகிறேன். வாளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அந்தச் சுவரில் தொங்குகிற டீ வடிகட்டியை மட்டும் எடுத்துக் கொடுங்கள், குஞ்சுகளைக் காவல் காத்து மாப்பிள்ளை பாதியாக இளைத்துவிட்டார், காலையிலிருந்து பட்டினி. அத்தான் மட்டும் இப்போது உயிரோடு இருந்திருந்தால், உங்களை வழிமறித்து நின்று என் பக்கம்தான் பேசியிருப்பார்.