பெரியவன் போய்க் கூட்டிட்டு வருவான்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த விளக்கு எரியட்டும், அணைத்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

மத்தியானம் இரண்டரை மணி. பேய்க்கு ராத்திரி மட்டும்தான் வேலை என்று எவன் சொன்னானோ... ஊருக்கு வெளியே புதிதாக எழுந்த குடியிருப்பு. அகலமான தெரு, இரண்டு பக்கமும் பெரிய பெரிய வீடுகள், ஈ காக்கை இல்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அந்தத் தெருவில் என் சிநேகிதனின் அண்ணி தனியாக நடந்து போனாள்.

அண்ணி வீட்டுத் தரகர். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அவளும் நாலு வயது மகளும்தான். அவள் வாய்ச் சாமர்த்தியத்தில் மண்ணும் பொன் விலைக்குப் போகும். காலி வீட்டைக் காட்டினால் வாங்க வருகிறவனுக்கு மனசு ஒட்டாது என்று, ஆட்கள் வசிக்கிற வீடு மாதிரி சோடித்து வைப்பாள். அன்று அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் அப்படித்தான். குளியலறையில் மூன்று டூத் பிரஷ். சோபாவில் மடிக்காத துணி. வாசலில் ஒரு பையனின் ஷூ. எல்லாம் அவள் பையிலிருந்து வந்தவை.

நாலு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன்னால், தெருக்கோடிப் பாலர் பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிவர வேண்டும். இன்னும் நேரம் இருந்தது. வருகிறவர்களிடம் அந்த வீட்டுக்காரி மாதிரியே அளக்கப்போவதைக் கூடத்தில் நின்று ஒரு தடவை பேசிப் பார்த்தாள்.

“பின்னாடியே பூங்கா. கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கூப்பிடு தூரம். ஸ்கூல் ரொம்பப் பக்கம்ங்க, எங்க பெரியவனே போய்த் தங்கச்சியக் கூட்டிட்டு வந்துடுவான்.”

பெரிய வீடு. குரல் எல்லா அறைக்கும் போய்த் திரும்பி வந்தது.

அப்புறம்... மாடியில் தடதடவென்று கால் சத்தம். படியில் இறங்குகிறது. வேர்த்த காலுறையின் வாடை அவளைக் கடந்து போனது. கதவு திறந்தது, மூடியது. சாவியை அவள் வெளிப்பக்கமே விட்டிருந்தாள். அது திரும்பியது. க்ளிக்.

அண்ணி வாசலுக்கு ஓடினாள். கதவை இழுத்தாள், மோதினாள். பின்கதவு, ஜன்னல் கம்பி... எதுவும் அசையவில்லை. பள்ளி விடும் மணி கேட்டது. பிள்ளை வாசலில் நின்று அழுமே என்றுதான் அப்போதும் அடித்துக்கொண்டாள், பெற்ற வயிறு இல்லையா. டீச்சருக்குப் போன் போட்டாள்.

“டீச்சர், நான் ஒரு வீட்டுல மாட்டிக்கிட்டேன். பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க...”

“பாப்பாவா? இப்பதான அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனான். பொறுப்பான பையன்ங்க, பிடிச்ச கைய விடவே இல்ல.”

அவள் பெற்றது ஒன்றே ஒன்று.

சாவி திரும்பியது. கதவு திறந்தது. மகள் தனியாகத்தான் நின்றாள், ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் உயரத் தூக்கிக்கொண்டு. அண்ணி பாய்ந்து அவளை வாரி எடுப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

“அம்மா, நீயும் நானும் இனிமே வெளிய போக வேணாமாம். யார் வேணும்னாலும் அண்ணனே போய்க் கூட்டிட்டு வருவானாம்.”

என்ன பார்க்கிறீர்கள்? எப்படி வெளியே வந்தார்கள் என்றா? வந்தார்கள் என்று நான் சொன்னேனா? சிநேகிதன் பூட்டை உடைத்து உள்ளே போய்ப் பார்த்தான். காலி வீடு. இதெல்லாம் அண்ணி அவனிடம் போனில் சொன்னது. நேற்றும் பேசியிருக்கிறாள். அடுப்படியில் நின்று பேசுகிறவள் மாதிரி, சாவகாசமாக...

“வீட்டுலயே இரு தம்பி. சித்தப்பாவக் கூட்டிட்டு வர்றேன்னு பெரியவன் கிளம்பிட்டான்.”