எழுதிக் கொடுத்தது யார்?

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ் அது. எனக்கு முன் சீட்டில் இரண்டு சிநேகிதர்கள். ஜன்னலோரம் இருந்தவர் ஆராய்ச்சி மாணவர். மற்றவர், கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற வேலையில் இருக்கிறவர். நான் ஒட்டுக்கேட்கவில்லை. அவர்கள் பேசியது பஸ்ஸுக்கே கேட்டது.

“நல்லா எழுதிட்டேன் மச்சான். அதான் மாட்டிக்கினேன்.”

“இன்னாடா சொல்ற?”

“தீசிஸ்ல கடைசி அத்தியாயத்தக் குடுத்தேன். கைடு படிச்சிட்டு, ‘யாரு எழுதிக் குடுத்தது?’ன்றாரு.”

“நான்தான்னு சொல்றதுதான?”

“நம்பல. எதிர்ல உக்கார வெச்சு ஒரு பக்கம் எழுதச் சொன்னாரு. எழுதினேன். ‘இதான் உன் எழுத்து, அது வேற ஆளு எழுதினது’ன்ட்டாரு.”

“அவ்ளோ மோசமாவா எழுதின?”

“மொத தபா எழுதினா யாருக்கும் அப்டித்தான் வரும். அந்த அத்தியாயத்த எத்தினி தபா அடிச்சு அடிச்சு எழுதினேன் தெரியுமா?”

“அடிச்ச தாளெல்லாம் கொண்டுபோயி காட்டு.”

“பாக்கவே வெக்கமா இருந்திச்சு. நானேதான் அடுப்புல போட்டேன்.”

“மத்த பசங்களையும் இப்டி உக்கார வெச்சாரா?”

“என்ன மட்டுந்தான். ‘உங்கப்பா இன்னா பண்றாரு?’ன்னாரு. வயல்ல கூலி வேலைன்னேன். அப்பதான் தாள நீட்டினாரு.”

கல்பாக்கத்துக்காரர் ஜன்னல் பக்கம் சாய்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என்கிட்ட சொல்லு மச்சான், வெளிய சொல்ல மாட்டேன். யாரு எழுதிக் குடுத்தது?”