தூசும் புள்ளியும்

— அக்கா, அகராதியில எழுநூத்தி நாற்பத்தி மூணாம் பக்கம், மூணாவது வரி. அது ‘க’வா, ‘க்’கா?

— ‘க’தான். மேல இருக்கிறது தூசு. ஊது.

— ...அட, பறந்துடுச்சு!

— இருபத்திரெண்டு வருஷமா இந்த அச்சகத்துல பிழை பாக்குறவகிட்டயே பரீட்சையா, வாலு? நீ டைப் அடிக்கிற வேலையைப் பாரு.

— போன மாசம் தூசுக்கெல்லாம் வட்டம் போட்டு ‘புள்ளியை எடு’ன்னு எழுதினீங்களே...

— அப்ப கண்ணுக்குள்ள மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்துச்சுடி.

— தண்ணியா வேற ஊத்துச்சு.

— காஞ்ச கண்ணு பதறிப்போய் ஊத்துமாம். முதலாளி பாத்துட்டு, ‘கதை அவ்வளவு சோகமா?’ன்னு கேட்டார். கையில இருந்தது குழாய் மாட்டுற கையேடு!

— எல்லாம் அந்த மாத்திரைதானே?

— ஆமா. மார்ல வந்த புத்துநோய் திரும்ப வரக்கூடாதுன்னு ஹார்மோனை அடக்குது. கண்ணுல இருந்த ஈரத்தையும் சேர்த்து அடக்கிடுச்சு. அஞ்சு வருஷம் போடணும், ஒண்ணரைதான் முடிஞ்சிருக்கு.

— வேற மாத்திரை இருக்கான்னு டாக்டரைக் கேட்டீங்களா?

— கேட்டா, ‘படிக்கிறதைக் குறைங்கம்மா’ம்பாங்க. அகராதி ஆயிரத்து இருநூறு பக்கம். யாரு பிழை பாக்குறது? உன் முதலாளியா?

— அவரு பாத்தா ‘அம்மா’வுக்கே புள்ளி போயிடும்!

— சிரிக்க வைக்காதடி, வரி விட்டுப்போகுது.

— ஆபரேஷன் முடிஞ்ச பதினோராம் நாள், கையைத் தூக்க முடியாம, பக்கத்தை எல்லாம் ஆஸ்பத்திரி சுவத்துல ஒட்டச் சொல்லிப் படிச்சீங்களே. நான் வீட்டுக்குப் போய் அதையேதான் நெனச்சுட்டு இருந்தேன். இப்படியும் ஒருத்தரான்னு...

— பக்கத்துக் கட்டில் அம்மாவும் சேர்ந்து படிச்சாங்க. ரெண்டு பிழை கண்டுபிடிச்சாங்க தெரியுமா?

— பேச்சை மாத்தாதீங்க.

— நீதான் சுத்தி வளைக்கிற. சொல்ல வந்ததைச் சொல்லு.

— திட்டக்கூடாது.

— திட்டல, சொல்லு.

— நீங்க பாத்து முடிச்ச பக்கத்தை எல்லாம், மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் நான் இன்னொரு தரம் பாக்குறேன். ரெண்டு மாசமா.

— என்னது?

— விட்டுப்போன புள்ளியை வச்சுட்டுத்தான் அச்சுக்கு அனுப்புறேன். உங்க பேருக்கு ஒரு சொல் வந்துடக்கூடாதுன்னு...

— பக்கத்துக்கு எத்தனை?

— ஒண்ணு, ரெண்டு...

— எத்தனைடி?

— ஏழெட்டு.

— ...ஏழெட்டா?

— அது அப்போ. இந்தப் பத்து நாளா ஒண்ணுகூட இல்லக்கா. தேடித் தேடிப் பாக்குறேன், இல்ல.

— அப்ப நல்லதுதானே?

— கண்ணுக்கு விடுற சொட்டு மருந்து பாட்டில்கூட குறையாம அப்படியே இருக்கு. சந்தோஷப்படத்தான் நெனச்சேன். ஆனா கண்ணு எப்படி திடீர்னு சரியாச்சு? அக்கா... மாத்திரை போடுறீங்களா, இல்லையா? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.

— ...இல்ல. கண்ணு தெளிஞ்சா அகராதியை முடிச்சிடலாம்னு நிறுத்தி மூணு வாரமாச்சு. டாக்டருக்கு போனைப் போடு, நானே சொல்றேன். அகராதியில ‘ப’ வரைக்கும் முடிச்சிட்டேன்... மிச்சத்தை நீ பாரு. ஒளிஞ்சு இல்ல, இந்த நாற்காலியில உக்காந்து பாரு.