சிக்னல் இல்லாத தீவு

அந்தத் தீவுகளுக்குப் போவதாக இருந்தால் ரப்பர் செருப்பு எடுத்துக்கொண்டு போங்கள் சார். கரையில் மணல் மெத்தென்றுதான் இருக்கும். தண்ணீரில் கால் வைத்ததும் பவளப்பாறை பாதத்தைக் கிழித்துவிடும். விளம்பரப் படத்தில் இதையெல்லாம் காட்டமாட்டார்கள். வாந்தி மாத்திரையும் வைத்துக்கொள்ளுங்கள், படகு குடலைப் புரட்டிவிடும்.

எனக்கு எதையும் யோசித்துச் செய்துதான் பழக்கம். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. ஒரு நூல் அளவு கூடினால் ஃபிரேமில் உட்காராது, குறைந்தால் கழன்று விழும். கடை முன்னால் நிற்கிற பெண்கள் சிரித்துச் சிரித்து விற்பார்கள். என்னை யாரும் சிரிக்கச் சொல்வதில்லை, அது ஒரு சௌகரியம்.

வீட்டில் அப்பாவும் நானும்தான். பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. எனக்கு ஒரு அண்ணன், ஒரு அக்கா. அவர்கள் இரண்டு பேருக்கும் குடும்பம் குழந்தைகள், எனக்கு அப்பா. யாரும் உட்கார்ந்து பேசிப் பங்கு பிரிக்கவில்லை, அதுவாக அமைந்துவிட்டது. காலையில் உடம்பு துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டுக் கடைக்குப் போவேன். மதியம் ஓடி வந்து புரட்டிப் படுக்கவைப்பேன். வாட்டசாட்டமான மனிதர். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். "தங்கமான பொண்ணு" என்று தெருவில் எனக்குப் பேர். தங்கத்துக்கும் இடுப்பு வலிக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணனும் அக்காவும் பேசிக்கொள்வதில்லை. நீங்கள் எழுதுவதாக இருந்தால் இதைத்தான் முதலில் எழுத வேண்டும். அம்மா இறந்த அன்று அண்ணன் தாமதமாக வந்தான். அக்கா எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அதோடு சரி, ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. அதற்கப்புறம் எந்தத் தகவலும் என் வழியாகத்தான் போகும். "அவகிட்ட சொல்லிடு" என்பான் அண்ணன். "அவன் என்ன சொல்றானாம்?" என்பாள் அக்கா. நான் காரத்தைக் குறைத்து, கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வேன். அண்ணன் மகளுக்குக் காய்ச்சல் என்றால், அக்கா துடித்துப்போய் விசாரித்ததாகச் சொல்வேன். அவள் விசாரித்திருக்கமாட்டாள். எங்கள் வீட்டில் பாசம் என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என் புளுகில்தான்.

கண்ணாடிக் கடைக்கு அடுத்த கடை சுற்றுலா அலுவலகம். அதன் வாசலில் அந்தத் தீவுகளின் படம் ஒட்டியிருக்கும். போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். ஒரு நாள் உள்ளே போய்விட்டேன். அங்கிருந்தவர் மேஜையில் வரைபடத்தை விரித்தார். கடலில் எதையோ சிந்தியது போலப் புள்ளி புள்ளியாகத் தீவுகள்.

"இது பெரிய தீவு மேடம். ஹோட்டல் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, போன் நல்லா எடுக்கும்" என்றார். விரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. "இதுதான் கடைசி. வாரத்துக்கு ஒரு படகு. டவரே கிடையாது. வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருந்தா இது வேணாம், அவசரம்னா சேதி வராது."

"இதுதான் வேணும்" என்றேன்.

அதுவரை என் மனதில் விடுமுறை மட்டும்தான் இருந்தது. மற்றது அவர் அப்படிச் சொன்ன பிறகு வந்தது. அவர்மேல் தப்பில்லை, நல்ல மனிதர். கிளம்பும்போது தண்ணீர் பாட்டில் வைக்கிற பை ஒன்று இலவசமாகக் கொடுத்தார்.

முதலில் நியாயமாகத்தான் கேட்டுப் பார்த்தேன். "ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. அவ சும்மாதானே இருக்கா, அவளைக் கேளு" என்றான் அண்ணன். "பிள்ளைங்களுக்குப் பரீட்சை, நான் எப்படிடி வர்றது? மகன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?" என்றாள் அக்கா. நான் கோபப்படவில்லை. கொஞ்ச நாள் விட்டுவிட்டு அண்ணனிடம், அக்கா வந்து இருக்கச் சம்மதித்துவிட்டாள் என்று சொன்னேன். அக்காவிடம், அண்ணன் லீவு போட்டுவிட்டான் என்று சொன்னேன்.

"அதுக்காவது உதவட்டும்" என்றாள் அக்கா.

"நீ நிம்மதியா போயிட்டு வா" என்றான் அண்ணன்.

ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒருவருக்கொருவர் போன் செய்யவும் மாட்டார்கள். இது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கென்று தனியாகப் போன் கிடையாது, பேச வேண்டுமென்றால் என் போனில்தான் கூப்பிடுவார்கள். அது என்னோடு வந்துவிட்டது.

"சொன்னதுல ஏதோ குழப்பமாயிடுச்சு, அப்படித்தானேம்மா?" என்று நீங்கள் நல்ல மனதோடு கேட்டீர்கள். அப்படி எழுதிக்கொண்டால் எல்லாருக்கும் நல்லதுதான். ஆனால், அப்பாவை அண்ணன் வீட்டுக்கு அழைத்துப்போகிறோம் என்று எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்னேனே, அதை எங்கே சேர்ப்பீர்கள்? அவர்களிடம் இருந்த மாற்றுச் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு அந்தக் கரண்டி. ஏதாவது வேண்டுமென்றால் அப்பா இடது கையால் கரண்டியை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டுவார், தெருவரை கேட்கும். கிளம்பும்போது அதைக் கழுவித் துடைத்துச் சமையலறையில் வைத்தேன். ஊருக்குப் போகும்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் எனக்கு. தண்ணீர் வைத்தாயா என்று கேட்டீர்கள். வைத்தேன். வலது பக்கம்.

அண்ணன் சாயங்காலம் வந்துவிடுவான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இடது கையால் கன்னத்தைத் தடவிக் காட்டினார், சவரம் செய்துவிடச் சொல்கிறார். மகன் வருகிறான் அல்லவா. பொறுமையாகச் செய்துவிட்டேன். தாடையில் லேசாகக் கீறிவிட்டது, பஞ்சை வைத்து அழுத்தினேன். "பத்திரமா... போ" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு அவர் வாய் வெகுநேரம் கோணிக்கோணிப் பாடுபட்டது. வண்டிக்கு நேரமாகிறதே என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

தீவில் என்ன செய்தாய் என்றால், தூங்கினேன். எழுந்து சாப்பிட்டேன். பக்கத்துக் குடிலில் புதிதாகக் கல்யாணமானவர்கள் இருந்தார்கள், போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்தேன், நன்றாகவே வந்தது. அப்பாவை நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். துணி மாற்றுகிற வேளை வந்தால் கை தானாகப் பரபரக்கும். மடியில் வைத்துக்கொள்வேன், அடங்கிவிடும். இன்றைக்குத் தாகமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, இனி இருக்காது என்று நினைத்தேன். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. கடல் நீலமாக இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில், பெரிய தீவை நெருங்கியபோது போனுக்கு உயிர் வந்தது. அண்ணன் ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: "அப்பா எப்படி இருக்கார்னு அவகிட்ட கேட்டுச் சொல்லு." அக்காவும் அனுப்பியிருந்தாள்: "அவன் அப்பாவை ஒழுங்கா பாத்துக்கறானா, கேளு." இரண்டு பேருக்கும் 'நல்லா இருக்கார்' என்று பதில் போட்டேன். பழக்கதோஷம்.

வீட்டுக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. அப்பா அதன் பின்னால் கிடந்தார். கட்டிலிலிருந்து விழுந்து, அறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, ஒற்றைக் கையால் இழுத்து இழுத்து வாசல்வரை வந்திருக்கிறார். உங்கள் போலீஸ்காரர்கள் அந்தத் தடத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி நடந்தார்கள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள், நான் பார்த்தேன்.

ஆமாம் சார். குழப்பம் ஒன்றும் இல்லை. தெரிந்துதான் செய்தேன், நான் ஒருத்திதான் செய்தேன். அண்ணனையும் அக்காவையும் விட்டுவிடுங்கள், அவர்கள் நான் சொன்னதை நம்பினார்கள்.

இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வாசல்வரை அவரால் வர முடிந்திருக்கிறது. அப்படியென்றால், கட்டிலில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரள்வதற்குக்கூட இத்தனை வருஷமாக என்னை எதற்குத் தூக்கவைத்தார்? பெற்ற பெண்மேல் ஒரு மனிதருக்குக் கொஞ்சம்கூடவா இரக்கம் இருக்காது?