ஆறாவது ஆமை

இல்லல்ல, அந்த நாற்காலி வேணாம் மேடம், அதுல ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. மேஜையெல்லாம் மாவு, ஃபைலை மட்டும் மடியிலயே வச்சுக்கோங்க. எதிர்வீட்டுல எல்லா ரூமும் பாத்தாச்சா? பால்கனியில வலை கட்டியிருக்கானே, பாத்தீங்களா? ஒரு குருவி கூட உள்ள வர முடியாது. உங்க ஆபீஸ்ல பால்கனி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டாங்களாம், மறுநாளே ஏணியும் கையுமா நின்னான் மனுஷன்.

என்னது, ஃபாரமா? அவங்க ரெண்டு பேரைப் பத்தியும் கைப்பட எழுதணுமா? ஒரு பக்கம் பூராவா? சொந்தக்காரங்களா இருக்கக்கூடாது, அஞ்சு வருஷமாவது பழகியிருக்கணும்னா அது நான்தான் மேடம். ஒன்பது வருஷம். ரெண்டு கதவுக்கும் நடுவுல ஆறடி இருந்தா ஜாஸ்தி. எழுதிடலாம், எழுதிடலாம். கண்ணாடியைத்தான் எங்க வச்சேன்னு தெரியல. நான் வாயால சொல்றேன், நீங்களே எழுதிக்கோங்களேன். அப்படிக் கூடாதா? சரி விடுங்க, அது கிடைக்கறவரைக்கும் இந்தக் கேக்கைச் சாப்பிடுங்க.

ஆமை. சத்தியமா ஆமைதான் மேடம். தலை கொஞ்சம் எருமை மாதிரி வந்துடுச்சு. இது ஆறாவது. முதல் ஆமையை வாட்ச்மேன் பன்னுன்னு நெனச்சு டீயில தொட்டுச் சாப்பிட்டாரு. இருபத்திரெண்டு வருஷமா பேக்கரியில கேக் மேல பேர் எழுதறவ நான். ரோஜாப்பூ, ரயிலு, கிரிக்கெட் மட்டை, எதைக் கேட்டாலும் கண்ண மூடிக்கிட்டுப் போடுவேன். இந்த ஆமைதான் என்னைப் படாதபாடு படுத்துது. எதுக்கு ஆமைன்னு அப்புறம் சொல்றேன்.

யாரு, எதிர்வீட்டுத் தம்பியா? குடிக்கறானா? நல்லா கேட்டீங்க போங்க. இருமல் மருந்து ரெண்டு மூடி உள்ள போனாலே மறுநாள் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். பஸ் டிரைவர் மேடம் அவன். தினம் காலையில டிப்போவுல ஊதிக் காட்டிட்டுத்தான் வண்டியையே எடுக்கணும்.

சண்டையா? சண்டை போடாத வீடு எங்க இருக்கு? ஃபேனை மூணுல வைக்கறதா அஞ்சுல வைக்கறதான்னு ஒன்பது வருஷமா சண்டை, இன்னும் தீர்ப்பு வரல. பாத்திரம் பறக்குதாமா? அவங்க வீட்டுல இருக்கறதே நாலு பாத்திரம், அதுல மூணு என்னோடது. பறந்தா என் வீட்டுக்குத்தான் வந்து விழணும்.

அவன் பொண்டாட்டிக்குப் பொறுமை இல்லையா? அவளுக்கா? ரத்தம் எடுக்கற லேப்ல வேலை பாக்கறா மேடம். குழந்தைங்க உதைக்கும், கடிக்கும், துப்பும். இவ பாட்டுக்குக் கதை சொல்லிக்கிட்டே ஊசியைப் போட்டு எடுத்துடுவா. சரி, அதை விடுங்க. பொறுமை இல்லாதவ ரெண்டு வருஷமா உங்க காகிதத்துக்கெல்லாம் அலைவாளா? போலீஸ்ல நல்லவங்கன்னு ஒரு காகிதம், டாக்டர்கிட்ட ஆரோக்கியம்னு ஒரு காகிதம், சம்பளக் காகிதம், கல்யாணம் ஆனதுக்குக் காகிதம். எல்லாத்தையும் குழந்தை இருக்கற நாட்டு மொழியில மாத்தி, முத்திரை மேல முத்திரை குத்தி அனுப்பினா, அதுக்குள்ள போலீஸ் காகிதத்துக்குத் தேதி முடிஞ்சு போச்சுன்னு திருப்பி அனுப்பினீங்க. நீங்கன்னா நீங்க இல்ல, உங்க ஆபீஸ். தத்து எடுக்கறவங்களுக்குன்னு, அப்பா அம்மா ஆகறது எப்படின்னு ஆறு நாள் வகுப்பு வேற. டிரைவர் தம்பி நோட்டு வாங்கி, ஓரத்துல கோடு போட்டு எழுதினான். நம்மளைப் பெத்தவங்க எந்த வகுப்புக்குப் போனாங்க, சொல்லுங்க.

வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க ரிப்போர்ட் அங்க போய்ச் சேரலேன்னா, குழந்தையோட ஃபைல் அடுத்த குடும்பத்துக்குப் போயிடுமாமே, நிஜமா? ம். அவ அப்படித்தான் சொன்னா. சரியா சாப்பிடக்கூட இல்ல அவ.

போட்டோ பாத்திருப்பீங்களே. நாலு வயசு. முன்பல் ஒண்ணு இல்ல, அதைப் பத்திக் கவலையும் இல்ல, அப்படி ஒரு சிரிப்பு. புது எடத்துக்கு வரும்போது பயந்துடக்கூடாதுன்னு இங்கேர்ந்து ஒரு ஆல்பம் பண்ணி அனுப்பச் சொன்னாங்களாம். இதான் உன் கட்டில், இது அப்பா, இது அம்மான்னு. கடைசிப் பக்கத்துல யாருன்னு நினைக்கறீங்க? நான். என்னைக் கேக்கவே இல்ல மேடம். மூக்கு நுனியில கிரீமோட நிக்கறேன். கீழ எழுதியிருக்கா, எதிர்வீட்டுப் பெரியம்மா, கேக் செய்வாங்கன்னு.

போன சனிக்கிழமை வீடியோவுல குழந்தையைக் காட்டினாங்க. என்னையும் இழுத்து உக்கார வச்சா. அது அப்பாவையும் பாக்கல, அம்மாவையும் பாக்கல. ஆல்பத்தைத் தூக்கி, என் படத்து மேல விரலை வச்சு என்னமோ கேட்டுது. அங்க குழந்தையைப் பாத்துக்கற அம்மா சிரிச்சுக்கிட்டே இங்கிலீஷ்ல சொன்னாங்க, ஆமை மாதிரி கேக் பண்ணத் தெரியுமான்னு கேக்குதாம்.

தெரியும்னுட்டேன். அப்புறம் இங்க வந்து கதவைச் சாத்திக்கிட்டு ஓன்னு அழுதேன். இல்ல மேடம், சந்தோஷத்துல இல்ல.

என்ன? தலைமேலயா? ஆமா, தெரியும். கண்ணாடி நீங்க வந்ததுலேர்ந்து அங்கதான் இருக்கு. எழுதத்தான் பயம்.

உங்க ஃபைல்ல நாலா மடிச்ச கோடு போட்ட தாள் ஒண்ணு இருக்கே. குடி, சண்டை, பொறுமை கிடையாதுன்னு நீங்க கேட்டதெல்லாம் அதுல இருக்கறதுதானே? அதே வரிசையில கேட்டீங்க. அந்த மொட்டைக் கடுதாசி நான் போட்டதுதான். சனிக்கிழமைக்கு மூணு நாள் முன்னாடி.

எதுக்குன்னா, என்னத்தைச் சொல்ல. தினம் ஆறரைக்கு வேலை முடிஞ்சு அவ நேரா இங்கதான் வருவா. அக்கா, கேக் ஓரம் வெட்டினது இருக்கான்னு கேட்டுக்கிட்டே செருப்பை உதறுவா. உங்க ஃபாரம் ஒவ்வொண்ணையும் இந்த மேஜையில வச்சுத்தான் நிரப்பினா, எத்தனையோ நாள் நானே பிடிச்சு வாசிச்சுக் காட்டியிருக்கேன். கடைசிக் காகிதமும் போன அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. குழந்தை வந்துட்டா, ஆறரைக்கு அவ அந்தக் கதவைத் திறப்பா. இந்தக் கதவை இல்ல. பொறாமை மேடம். அம்பத்தாறு வயசுல, பல்லு விழுந்த ஒரு பொடிசு மேல பொறாமை. எனக்கே அசிங்கமா இருக்கு.

இடது கையால எழுதிப் பாத்தேன், வரல. என் எழுத்தை மறைக்க முடியாது மேடம், இந்தத் தெருவுல பாதிப் பேரோட பொறந்தநாள்ல அது இருக்கு.

அவகிட்ட நீங்க சொல்ல வேணாம். நானே சொல்றேன், இன்னிக்கு ஆறரைக்கு. அதுக்கப்புறம் என் முகத்துல முழிப்பாளோ மாட்டாளோ, அவ இஷ்டம். ஆனா குழந்தை வர்ற அன்னிக்கு ஆமை எப்படியும் அந்த வீட்டுக்குப் போகும். அது குழந்தைக்கும் எனக்கும் பேசி முடிச்சது.

குடுங்க ஃபாரத்தை. இருங்க, கண்ணாடியை மாட்டிக்கறேன். அந்தக் கடுதாசியை எடுத்து இப்படிப் பக்கத்துல விரிச்சு வைங்க. நான் எழுத எழுத ரெண்டையும் ஒத்துப் பாத்துக்கிட்டே வாங்க. முதல் வரியே, அது பொய், எழுதினவ நான்னுதான் போடப்போறேன்.

கேக்கை ஏன் கீழ வச்சுட்டீங்க? சாப்பிடுங்க மேடம். தலைதான் எருமை, உள்ள நல்லாத்தான் இருக்கும்.