வரிசை இல்லாத மொழி

அக்கா: மெஷினை அணைச்சிடாதடா. இன்னும் ஓடிட்டுதான் இருக்கு.

தம்பி: எங்க ஓடுது? மூச்சு வாங்கிட்டு நிக்குது. பக்கத்து மேஜைல சாதாரண மெஷின் மழை எப்போ வரும்னு பாக்கற அதே கணக்கை முடிச்சிட்டு கம்முன்னு உக்காந்திருக்கு, பாரு.

அக்கா: அது ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்ததுன்னு வரிசைல போறது. நம்மளோடது…

தம்பி: ஆரம்பிச்சிட்டியா? "வரிசையே வேண்டாம். வேண்டிய எண்ணெல்லாம் வந்து சேர்ந்தா அந்தக் கணக்கு தானா ஓடும்!"

அக்கா: சிரிக்காத. நான் இந்தக் கம்ப்யூட்டர் மொழியை எழுதினப்போ உலகமே கட்டம் போட்டு, அம்பு வரைஞ்சு, இதைத்தான் பேசிச்சு. ஒரே நேரத்துல ஆயிரம் கணக்கு ஓடும்னு…

தம்பி: நம்பித்தானே நானும் இதுக்குன்னே மெஷின் கட்டினேன்? முதல்ல வந்த எண்ணு ஜோடி எண்ணு வர்ற வரைக்கும் காத்துக் கெடக்குது. நினைவகம் ரொம்பி வழியுது. ஜோடி தேடவே பாதி நேரம் போயிடுது.

அக்கா: அது நம்ம குடும்ப வியாதி.

தம்பி: உன்னைச் சொல்லிக்கோ. என்னைக் கட்டிக்கறியான்னு ரெண்டு பேர் கேட்டாங்க.

அக்கா: கேட்டவங்ககிட்ட மணிக்கணக்கா மெஷின் பத்திப் பேசினா?

தம்பி: …கீழ ஹாரன் கேக்குது. மெஷினை ஏத்திட்டுப் போக லாரி வந்துடுச்சு போல.

அக்கா: கொஞ்சம் நிக்கச் சொல்லேன். இன்னொரு தடவை…

தம்பி: அக்கா. ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இதே வேலை பாத்த மத்த ஆராய்ச்சிக்கூடமெல்லாம் எப்பவோ மூடியாச்சு. சாதாரண கம்ப்யூட்டர் சிப் வருஷா வருஷம் வேகமாயிட்டே போச்சு… நாமதான் மிச்சம்.

அக்கா: இது போச்சுன்னா என் மொழி ஓடறதுக்கு வேற மெஷினே இல்லடா.

தம்பி: தெரியும்கா.

அக்கா: உன்னையாவது அந்தப் பெரிய கம்பெனிக்குத் துரத்தியிருக்கணும். ரெண்டு தடவை வேலைக்குக் கூப்பிட்டாங்களே.

தம்பி: அதை ஏன் இப்போ இழுக்கற?

அக்கா: ஒண்ணு சொல்லணும். கத்தாத.

தம்பி: சொல்லு.

அக்கா: இன்னிக்குத்தான் தோத்தோம்னு நினைக்கற இல்ல? மூணு வருஷம் முன்னாடி, நீ லீவுல இருந்தப்போ, ரெண்டு மெஷினையும் ஓட்டிப் பாத்தேன். அப்பவே தோத்துடுச்சு. நீ பழைய வேலையை விட்டுட்டு வந்து இதைக் கட்டி முடிச்ச புதுசு… எந்த வாயால சொல்றது?

தம்பி: …திரும்பி வந்ததும் நானும் ஓட்டிப் பாத்தேன்கா.

அக்கா: என்னது? தெரிஞ்சும் ஏன்டா அந்த வேலைக்குப் போகல?

தம்பி: போறேன்னா காரணம் கேப்ப. காரணம் சொல்லிட்டா… மறுநாள் காலைல எந்திரிச்சு நீ எங்கக்கா போவ?